டிக்கெட் போடாத வேலை

"அண்ணே, சின்ன வேலைதான்" என்று எவனாவது ஆரம்பித்தால் என் மதியச் சாப்பாடு போச்சு என்று அர்த்தம். பதினாறு வருடமாக இந்தக் கம்பெனியின் டேட்டாபேஸ் என் பொறுப்பு. எல்லாத் தகவலையும் திறக்கிற வழி என்னிடம் இருப்பதால் சாவி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முறைப்படி, வேலை வேண்டுகிறவர் கணினியில் அதைப் பதிவு செய்ய வேண்டும்; டிக்கெட் போடுவது என்பார்கள். முடித்துக் கொடுத்தால் என் பேரில் ஒன்று ஏறும். ஆனால் சாவியிடம் எவன் டிக்கெட் போடுகிறான்? பின்னால் வந்து தோளில் கை வைத்தால் போதாதா?

அன்றும் அப்படித்தான். விற்பனைத் தலைவருக்குப் பத்து மணிக்கு மீட்டிங். ஒன்பதரைக்கு ஓட்டமும் நடையுமாக வந்து நிற்கிறார்.

"சாவி, நீதான்யா தெய்வம். மூணு வருஷ கஸ்டமர் லிஸ்ட், ஊர்வாரியா வேணும். ரெண்டு நிமிஷ வேலை."

"டிக்கெட் போடுங்க சார்."

"அட, அப்புறம் போட்டுக்கலாம்யா. முதல்ல குடு."

கொடுத்தேன். ரெண்டு நிமிஷமாம்! அரைமணி நேரம் ஆயிற்று. அது முடிவதற்குள் கிடங்குப் பொறுப்பாளர் போனில் அழாத குறை. சரக்குப் பதிவில் பாதியைத் தெரியாமல் அழித்துவிட்டாராம், மேலே தெரிவதற்குள் மீட்டுத் தர வேண்டுமாம். அதையும் மீட்டேன். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே கிடந்தது.

மூன்று மணிக்கு மனைவி கூப்பிட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான்மா."

"குனியக் குனியக் குட்டத்தான் செய்வாங்க. முடியாதுன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வராதா?"

"எல்லாரும் எவ்வளவு நன்றி சொல்றாங்க தெரியுமா?"

"அப்படியா? ராத்திரிக்கு அதையே தட்டுல போடுறேன், சாப்பிடுங்க."

படுத்தபடியேதான் இவ்வளவு வாய். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தை மெஷின் சுத்தம் செய்கிறது; இன்றும் அங்கேதான் இருந்தாள். அந்த மெஷினை ஓட்டுவது என் ஆபீஸ் இன்சூரன்ஸ். வேலை இருக்கும்வரைதான் அதுவும்.

மூன்றரைக்கு எச்.ஆர். மேடம் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"சார், ரகசியம், அதனால டிக்கெட் போட முடியாது. உங்க பிரிவுல இந்த வருஷம் யாரு எத்தனை டிக்கெட் முடிச்சிருக்காங்கன்னு ஒரு லிஸ்ட். குறைச்சலா இருக்கறவங்க மேல வரணும். முதல் மூணு பேரை வேலையை விட்டு எடுக்கிறாங்க. பாவம்தான், என்ன பண்றது? நாலு மணிக்குள்ள அனுப்பணும்."

கணினிக்கு நாலு வரிக் கட்டளைதான் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். முதலில் வந்த பெயர் என்னுடையது. எதிரே பதினொன்று. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுகிறவருக்கு அறுநூற்றுப் பதினேழு!

பதினொன்றை ஆயிரமாக்க எனக்கு ஒரு வரி போதும். ஆனால் யார் எதைத் திருத்தினாலும் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகும்படி போன வருடம் ஏற்பாடு செய்தது யார்? நான்தான். சொந்தக் காசில் சூனியம்.

விற்பனைத் தலைவருக்குப் போன் போட்டேன்.

"சார், காலையில செஞ்சதுக்கு ஒரு டிக்கெட் போட்டுடுங்க. இப்பவே."

"என்னய்யா, கடைசி நேரத்துல வந்து கேட்டா எப்படி? நாளைக்குப் பார்க்கலாம்."

கிடங்குக்காரரிடம் கெஞ்சினேன். "ஐயோ அண்ணே, டிக்கெட் போட்டா நான் அழிச்சது தெரிஞ்சிடுமே!" என்று வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை, வந்தது.

"மேடம், முதல் பேரே என் பேரு" என்றேன், அறையிலேயே காத்திருந்தவரிடம். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க இல்லாம இங்க ஒண்ணும் ஓடாதுன்னு எல்லாருக்கும் தெரியும் சார். ஆனா எழுத்துல இல்லையே."

பட்டியல் நாலு மணிக்கே போய்விட்டது. என் வேலை எதுவும் தாமதமானதில்லை. ஐந்துக்கு மேடம் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"இன்னியோட முடிச்சுக்கச் சொல்லிட்டாங்க. எவ்வளவோ பேசிப் பார்த்தேன்." பிறகு கதவுவரை போய்த் திரும்பினார். "சார்... ஒரு சின்ன வேலை. உங்க லாகினை மூடணுமாம். எப்படின்னு உங்களுக்கு மட்டும்தானே தெரியும்? ரெண்டு நிமிஷம்தான்."

டிக்கெட் என்று கேட்க வாயெடுத்தேன். நானே மூடினேன். பதினாறு வருடத்தில் முதல்முறையாக அது நிஜமாகவே ரெண்டு நிமிடத்தில் முடிந்தது.

படியிறங்கும்போது மனைவி கூப்பிட்டாள்.

"கிளம்பிட்டீங்களா? அதிசயமா இருக்கே! இன்னிக்காவது முடியாதுன்னு சொன்னீங்களா?"

"அவங்க சொல்லிட்டாங்கம்மா."

போனில் அந்த மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.