பொற்கொடிக்குப் புரிந்த இங்கிலீஷ்

பொற்கொடி முத்தாண்டிக்குப்பத்துக்காரி. தினமும் பஸ் ஏறி நெய்வேலி நகரியத்துக்கு வந்து, நாலு குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வீட்டு அமிர்தம் அம்மா, வேலைக்கு வரும் பெண்களுக்கு ஞாயிறு மதியம் தன் ஸ்கூட்டர் ஷெட்டில் காசு வாங்காமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். எட்டுப் பேர் சேர்ந்தார்கள். நாலாம் மாதம் மூன்று பேர்தான் மிச்சம். பொற்கொடி ஒரு ஞாயிறும் விடவில்லை. மகள் பள்ளியிலிருந்து கொண்டுவரும் தாளை அடுத்தவரிடம் நீட்டி, படித்துச் சொல்லக் கேட்கக் கூடாது என்பது அவள் வீம்பு.

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அவள் புருஷன் நெடுமாறனுக்கு அதில் ஏகப் பெருமை. “எம் பொண்டாட்டி இங்கிலீஷ் படிச்சிகினு இருக்கா” என்று டீக்கடையில் சொல்லித் திரிவான்.

பொங்கல் கழிந்ததும் அவனுக்கு வயிற்றுவலி கண்டது. சாப்பாடு இறங்கவில்லை. ஒரே மாதத்தில் சட்டை தொளதொளத்துப்போனது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறாம் நாள் காலை, மாணவர்கள் சூழப் பெரிய டாக்டர் வந்தார். அவன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டிலருகே நின்றபடியே அவர்களிடம் இங்கிலீஷில் கடகடவென்று பேசினார்.

பாதி அவளுக்குப் பிடிபடவில்லை. ‘ஸ்ப்ரெட்’ என்றார், பரவிவிட்டது. ‘ஹீ வில் நாட் லிவ்’ என்றார். ‘வில் நாட்’ போட்டு வாக்கியம் எழுத, ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முந்தின ஞாயிறுதான் பழகியிருந்தாள். நடக்காது என்று உறுதியாகச் சொல்வதற்கு அது. கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, ‘டோன்ட் டெல் தெம்’ என்றார். அப்புறம் இவர்கள் பக்கம் திரும்பி, “மாத்திரை எழுதியிருக்கேன், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்” என்றார் தமிழில்.

அவர்கள் போனதும் நெடுமாறன் கேட்டான். “என்னா சொன்னாரு? உனுக்குத்தான் புரியுமே.”

“வேகமா பேசனாரு. ஒண்ணும் வெளங்கல.”

“ஷெட்ல குந்திகினு படிச்ச லட்சணமா இது?” என்று சிரித்தான். “வூட்டுக்கு அனுப்புறாங்கன்னா நல்ல சேதிதான்.”

திரும்பும் பஸ்ஸில் நெடுமாறன் தன் அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தான். காடாம்புலியூரில் இருக்கும் மருதமுத்துவோடு ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. “ஒடம்பு தேறட்டும். சித்திரையில நாமளே போயி அண்ணனப் பாத்துட்டு வந்துருவோம். இப்ப எலும்பும் தோலுமா போயி நின்னா பரிதாபப்பட்டு பேசுவாரு.”

அவள் வாயைத் திறந்தாள். “தேறிடும்” என்றுதான் வந்தது.

ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது, “நாளைக்கே போயிட்டு வரலாமா?” என்று கேட்டாள்.

“இப்ப என்னா அவசரம்?” என்றான். அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். மறுநாள் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள்.

சித்திரை பிறக்க நாலு நாள் இருக்கையில் அவன் போய்விட்டான்.

மருதமுத்து ஓடி வந்து தம்பி மேல் விழுந்து அழுதார். பிறகு அவள் முன் குத்தவைத்து உட்கார்ந்தார். “ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா ஓடியாந்திருப்பனே, பொற்கொடி. டாக்டருங்க முன்னாடியே ஒண்ணும் சொல்லலியா?”

“எங்ககிட்ட சொல்லலைங்க மாமா.”

அவர் அதை நம்பினார். டாக்டர்களைச் சபித்துக்கொண்டே மறுபடி அழுதார். பொற்கொடி தலை நிமிரவில்லை.