ஆறாம் அத்தியாயம் புரியவில்லை

ஆறாம் அத்தியாயத்துக்காக ரன்வைக் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய மூன்று பக்கங்களையும் சிக்பியோர்ன் மறுபடி கோடு போட்டு அடித்து அனுப்பியிருந்தார். ஓரத்தில் ஒரு குறிப்பு கூட இல்லை. மேலிருந்து கீழ்வரை குறுக்காக ஒரு கோடு, அவ்வளவுதான். அவருடைய பழைய வரியே அந்த இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது: 'துகள்களின் எண்ணிக்கைக்கேற்ப இங்கே வகுத்துக்கொள்ள வேண்டும், காரணம் வெளிப்படை.'

அந்த வரி அவளுக்குப் புதிதல்ல. மாணவியாக இருந்தபோது அதே வரியில்தான் அவளும் முட்டிக்கொண்டு நின்றாள். புள்ளியியல் வெப்ப இயக்கவியலுக்கு நார்வேஜிய மொழியில் உருப்படியாக இருக்கும் ஒரே பாடநூல் சிக்பியோர்னுடையது. துரோன்ஹைம் பல்கலைக்கழகத்தில் அவர் வகுப்பில் படித்தவர்கள் நாடு முழுக்க அதையே வைத்துப் பாடம் நடத்தினார்கள். ஆனால் இப்போது வரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே அதை மூடிவிட்டு ஆங்கிலப் புத்தகத்துக்கு ஓடினார்கள். நான்காம் பதிப்பும் இப்படியே வந்தால் அதோடு நிறுத்திவிடுவதாக ஆஸ்லோ பதிப்பகம் சொல்லிவிட்டது. அதற்காகத்தான் ரன்வைக்கை இணையாசிரியராகச் சேர்த்தார்கள். சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது; தெளிவாக்கி அவள் எழுதியதில் பாதி கூட உள்ளே நிற்கவில்லை.

அவள் சிக்பியோர்னின் அறைக்குப் போனபோது அவர் மேஜையில் காகிதத்தைப் பிரித்து வைத்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். வெளியே மழையும் பனியுமாகக் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் அடிச்சீங்கன்னாவது சொல்லலாம்ல?" என்றாள்.

"நீளம்."

"புரியணும்னா நீளமாத்தான் இருக்கும்."

அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பலகைக்குப் போனார். இரண்டே வரி. பிசிறில்லாமல் எழுதி முடித்துவிட்டுத் திரும்பினார். முதல் வரியிலிருந்து இரண்டாவதுக்கு எப்படி வந்தீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் அதே இரண்டு வரியைச் சற்று உரக்கப் படித்தார். அவள் மறுபடி கேட்டாள். இன்னும் உரக்கப் படித்தார். அவர் வேண்டுமென்றே மறைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடுவில் ஒரு படி இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அதை நினைக்க நினைக்க எரிச்சல்தான் கூடியது.

"நீ அவங்களுக்கு ஊட்டி விடப் பார்க்குற, ரன்வைக். மெல்லறதையாவது அவங்க செய்யட்டும்" என்றார்.

"வாய்க்குள்ள போனாத்தானே மெல்லறதுக்கு?"

பேச்சு அதற்கு மேல் போகவில்லை. கடைசியில் மாணவர்களிடமே கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. யோசனை அவருடையது. பாதிப் பேர் அவருடைய பக்கத்தைப் படிக்கட்டும், பாதிப் பேர் அவளுடையதை. பிறகு எல்லோருக்கும் ஒரே கணக்கு. கணக்கும் எளிமையானது. ஒரு பெட்டி, நடுவில் ஒரு தடுப்பு, இரண்டு பக்கமும் ஒரே வாயு, ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலை. தடுப்பை எடுத்தால் என்ட்ரோபி, அதாவது துகள்களின் ஒழுங்கின்மை, எவ்வளவு கூடும்? கூடாது என்பதுதான் விடை. ஒரே வாயு என்பதால் உண்மையில் எதுவுமே மாறுவதில்லை. அந்த வகுத்தலை மறந்தவர்களுக்கு மட்டும் கூடுவதாகக் கணக்கு காட்டும்.

வியாழக்கிழமை காலை இருபது பேர் வந்தார்கள். சிக்பியோர்னின் பக்கத்தை வாங்கியவர்கள் பெருமூச்சு விட்டார்கள், தலையைச் சொறிந்தார்கள், ஒருவன் காபி எடுக்கப் போய் வெகுநேரம் திரும்பவில்லை. ரன்வைக்கின் பக்கங்களை வாங்கியவர்கள் நிம்மதியாகப் படித்தார்கள். இடையிடையே தலையாட்டவும் செய்தார்கள். இப்படியே முழுப் புத்தகமும் இருக்கக் கூடாதா என்று மைக்கன் என்ற பெண் கேட்டாள். ரன்வைக் சிக்பியோர்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடைத்தாள்களை இருவரும் சேர்ந்தே திருத்தினார்கள். அவருடைய குழுவில் பெரும்பாலான தாள்கள் வெறுமை. ஒருவன் மட்டும் 'விடை வெளிப்படை' என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தான். ரன்வைக் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை, தாளை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

பிறகு அவளுடைய குழுவின் தாள்களைப் பிரித்தார்கள். எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். இருவரைத் தவிர அத்தனை பேரும் என்ட்ரோபி கூடும் என்று அழகாக நிறுவியிருந்தார்கள். 

மைக்கனைத் தேடிப் போய் உணவகத்தில் பிடித்தாள்.

"ஒரே வாயுன்னா ஒண்ணும் மாறாதுன்னு மூணாவது பக்கத்துல எழுதியிருந்தேனே, பார்க்கலையா?"

"படிச்சேனே. நல்லா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் கூடும்னு போட்ட?"

மைக்கன் உதட்டைப் பிதுக்கினாள். "தெரியல. படிக்கறப்ப எல்லாத்துக்கும் சரி சரின்னு போய்ட்டே இருந்தேன். எங்கயும் நிக்கவே இல்ல. கணக்குன்னு வந்ததும், நான் எதுக்கு சரின்னு சொன்னேன்னே ஞாபகம் வரல."

ஒரு வருஷமாக அந்த மனிதரோடு மல்லுக்கு நின்றது இதற்குத்தானா என்று ரன்வைக்குக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அவள் திரும்பி வந்தபோது சிக்பியோர்ன் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். அவரோ தன் குழுவின் வெற்றுத் தாள்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவள் தன் மூன்று பக்கங்களைத் தானே அடித்தாள். விளக்கத்தைத் தூக்கிவிட்டுத் தவறான கணக்கையே முதலில் வைத்தாள். படிப்பவர் தாமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். என்ட்ரோபி கூடுவதாக வரும். அப்படியானால் தடுப்பைத் திரும்பப் போட்டால் குறைய வேண்டுமே, குறையுமா என்று ஒரு கேள்வி. அதற்குப் பிறகுதான் வகுத்தல், அதற்கான காரணம். எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கியது. சிக்பியோர்ன் படித்துவிட்டு இந்த முறை கோடு போடவில்லை. ஆனால் கடைசி வாக்கியத்தில் 'எளிதில் காணலாம்' என்று சேர்த்து வைத்தார். எளிதாக இருந்தால் இரண்டு பேரும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம் என்று அவள் எரிந்து விழுந்த பிறகு, முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்.

புதிய வடிவத்தை வேறொரு வகுப்பில் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்று மேலானவர்கள் சரியாகப் போட்டார்கள். மற்றவர்கள் தவறான கணக்கோடே நின்றுவிட்டார்கள். தப்பென்று தெரிந்தே எங்களைப் போட வைத்தீர்களா என்று ஒருவன் உண்மையாகவே கோபித்துக்கொண்டான்.

"பாதிப் பேருக்கு மேல. மோசமில்ல" என்றார் சிக்பியோர்ன்.

"மீதிப் பேரு?"

அவர் தோளைக் குலுக்கினார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டுக்கொண்டு, கோபித்துக்கொண்ட பையன் எந்த வரியில் நின்றான் என்று கேட்டார். அவள் காட்டினாள். அங்கே என்ன குறைகிறது என்று அவர் கேட்டார், அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தியாயம் எங்கே என்று கேட்க ஆஸ்லோ பதிப்பகத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்பை யாரும் எடுக்கவில்லை.