இரண்டு திரையிலும் ஒரே படம்

என் மனைவி சிரிப்பதைப் பற்றி எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எனக்குக் கேட்காமல் எவனோ சொல்வதற்குச் சிரிக்கிறாள் பாருங்கள், அதுதான் பிடிக்கவில்லை. நான் எதையாவது சொன்னால் "ம்" என்பாள். அந்த ஆள் சொன்னால் தோள் குலுங்கும்.

அவள் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறாள். அதைச் சரிபார்க்கிற மேலாளர்தான் அந்த ஆள். பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது. தடித்த கண்ணாடி போட்டவர் என்று இவள் ஒரு தடவை சொன்னதை வைத்து நான் வைத்த பெயர் சோடாபுட்டி.

போன வாரம் ஆபீஸிலிருந்து பெரிய மானிட்டர் ஒன்று வந்து இறங்கியது. "சின்ன லேப்டாப்புல கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குறேன்னு அவரே கேட்டு வாங்கிக் கொடுத்தாரு" என்றாள். கட்டின புருஷன் நான் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். இவள் கண் சுருங்குவது எங்கேயோ இருக்கிற சோடாபுட்டிக்குத் தெரிகிறதாம். பற்றிக்கொண்டு வந்தது.

"மாட்டிக் கொடுங்களேன்" என்றாள். எங்கள் வீட்டில் ஒயர் என்றால் நான்தான். மாட்டினேன். ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறது என்று மானிட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டாள். நான் உட்காரும் சோபாவிலிருந்து அதன் பக்கவாட்டு விளிம்புதான் தெரிந்தது. லேப்டாப் மட்டும் அவளுக்கு அந்தப் பக்கம் ஓரமாக, சோபாவைப் பார்த்தபடி இருந்தது. அதன் திரையில் வெறும் கடல் படம். இனி அவள் யாரோடு என்ன பேசினாலும் எனக்குக் கடல்தான்.

செட்டிங்கில் போய், திரைக்குத் திரை வேறு படம் காட்டும் 'எக்ஸ்டெண்ட்' என்றிருந்ததை 'டூப்ளிகேட்' என்று மாற்றினேன். பெரிய திரையில் வருவதெல்லாம் இனி லேப்டாப்பிலும் வரும். என்ன, பெரிய திரையின் ரெசல்யூஷன் லேப்டாப்பின் அளவுக்கு இறங்கிவிடும். எழுத்தும் கோடும் கொஞ்சம் மசங்கும். கொஞ்சம்தானே.

"ஏங்க, மங்கலா தெரியுதே."

"புதுசு இல்லியா. பழகினா சரியாயிடும்."

சரி என்று உட்கார்ந்துவிட்டாள். சந்தேகம் என்ற சாமானே அவளிடம் கிடையாது.

அன்று முதல் சோபாவிலிருந்தபடியே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். பார்த்ததெல்லாம் படிக்கட்டு, தூண், கக்கூஸ் கதவு. அவளோ கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றாகத் தெரிந்ததில் வரைபடம் இரண்டு முறை திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு ஆஸ்பத்திரிக் கட்டட வரைபடம் பிழையில்லாமல் போனால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம்.

"கண்ணு போயிடுச்சு போலங்க" என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள். பாவமாகத்தான் இருந்தது. மாற்றினால் கடல் வந்துவிடுமே.

வியாழக்கிழமை சோடாபுட்டி வீடியோவில் வந்தான். முதல் தடவையாக முகத்தைப் பார்க்கிறேன். முன்மண்டை வழுக்கை. லட்சணத்தில் என்னைவிட ஒரு மாற்றுக் குறைவுதான் என்று கொஞ்சம் நிம்மதியானேன். அப்புறம் அவன் சிரித்தான். சிரிப்பு நன்றாக இருந்து தொலைத்தது. இன்னும் சரியாகப் பார்க்கலாம் என்று கழுத்தை நீட்டினேன்.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் இவள் பக்கவாட்டில், தலை குனிந்து தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒருத்தன். நான்தான். கேமரா லேப்டாப்பில் இருக்கிறது என்பதை எப்படி மறந்தேனோ.

"ஆமா சார், ரெண்டுலயும் ஒரே படம்தான் வருது" என்றாள் அவள், குனிந்தபடியே. "சேச்சே, அதெல்லாம் சரியாத்தான் இருக்கும் சார். எங்க வீட்டுக்காரர் மாட்டினது. அவர் கை வச்சா தப்பாது. என் கண்ணுலதான் கோளாறு. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிடறேன்."

சோடாபுட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நேராக என்னைப் பார்த்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் வாய் ஏதோ அசைந்தது. இவள் தோள் குலுங்கியது. "சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

நான் எழுந்துபோய்ச் சத்தமில்லாமல் 'எக்ஸ்டெண்ட்' போட்டேன். ரெசல்யூஷனையும் அந்த மானிட்டருக்கு உரியதாக ஏற்றினேன். ஒட்டிக்கிடந்த கோடுகள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன.

"இப்பப் பளிச்சுனு இருக்கே. என்ன பண்ணீங்க?"

"ஒயர் லூசா இருந்துச்சு."

"சார் சொன்னது சரியாப் போச்சு. டாக்டர்லாம் வேணாம்மா, உங்க வீட்டுக்காரர் பக்கத்துலயேதானே இருக்காரு, அவரே சரி பண்ணிடுவாருன்னாரு."

காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பேன். பாவி, நல்லவனாகவும் இருக்கிறான். வயிறு எரிய சோபாவில் வந்து உட்கார்ந்தேன். அவள் படபடவென்று எதையோ டைப் செய்தாள். தோள் குலுங்கியது. லேப்டாப்பில் கடல்தான் இருந்தது.