கிழக்கு மேடு

கிழக்கு மேட்டை இடிக்கப்போகிறார்கள் என்பது அக்காவுக்குத் தம்பி வாயாலேயே தெரியவந்தது. அதுவும் சாப்பாட்டு மேசையில். இடிப்பதற்கு வரைபடம் போட்டவனே அவன்தான்.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுநர். ஆட்டம் உள்ள நாளில் அவளைக் கால்பந்து மைதானத்தின் கிழக்கு மேட்டில்தான் பார்க்கலாம். கூட்டத்துக்குக் கோஷம் எடுத்துக்கொடுப்பவள் அவள். தம்பி கட்டடக் கலைஞன். பந்து எந்தப் பக்கம் போனாலும் அவனுக்குக் கவலையில்லை.

"உள்ள கம்பியெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சுக்கா. ஒருநாள் பொலபொலன்னு உட்காந்துடும்."

"சரி, இடி. அப்புறம் என்ன வரும்?"

அவன் மென்று விழுங்கினான். "கண்ணாடி அறைங்க. சோபா போட்டு."

"சோபாவுல உட்காந்து எவன்டா கத்துவான்? கொட்டாவிதான் விடுவான்!"

அந்த மைதானம் ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம். வேலை முடிந்ததும் சூளைத் தொழிலாளர்கள் அதில் பந்து உதைத்தார்கள். உடைந்த செங்கல்லைக் கிழக்கே கொட்டிக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் அவர்கள் குடும்பங்கள் நின்று பார்த்தன. கிளப் பிறந்தது அப்படித்தான். மற்ற மூன்று பக்கமும் இருக்கைகள் வந்தன. மேட்டுக்குக் கான்கிரீட் படி போட்ட பிறகும் அங்கே யாரும் உட்கார்ந்ததில்லை.

"ஒரே ஒரு ஆட்டம் நின்னு பாரு. அப்புறம் உன் இஷ்டம்" என்றாள் அக்கா.

அவள் வாய்க்குப் பயந்து ஆட்டத்துக்குப் போனான். அன்று மழை கொட்டியது. முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பிளாஸ்டிக் விரிப்பில் பாதியை அவன் தலைக்கு மேல் இழுத்துவிட்டாள். அக்கா குரல் கொடுத்ததும் மேடே திருப்பிக் கொடுத்தது. காலடியில் படி அதிர்ந்தது. முதலில் கட்டடக்காரன் குனிந்து படியில் விரிசல் தேடினான். பிறகு உடம்பெல்லாம் புல்லரித்தது. அணி தோற்றது. ஒருவரும் நகரவில்லை, பாடிக்கொண்டே இருந்தார்கள்.

"தோத்துட்டோமே, இன்னும் ஏன் பாடறாங்க?"

"ஜெயிச்சாதான் நம்மாளு, தோத்தா யாரோவா?"

அவன் "தோத்துட்டோம்" என்றதை அக்கா கவனித்தாள்.

பழைய வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அவன் புதிதாக வரைந்தான். கிழக்கே செங்குத்தான புது மேடு, நிற்பவர்களுக்கு மட்டும். எழுப்புகிற சத்தம் ஆடுகளத்தில் போய் விழும்படி தாழ்வான கூரை. கண்ணாடி அறைகள் மேற்கே.

கிளப் தலைவர் முகம் சுளித்தார். "நிக்கறவங்களுக்காக யாராவது மைதானம் கட்டுவாங்களா?"

"கிழக்கே உட்காந்தா உங்க விருந்தாளிங்களுக்குச் சாயங்கால வெயில் கண்ணுல குத்தும் சார். இத்தனை வருஷம் அதை வாங்கிட்டு நின்னவங்க இவங்கதான்."

தலைவர் மசியவில்லை. விஷயம் உறுப்பினர் கூட்டத்துக்குப் போனது. பள்ளிக்கூட அரங்கில் எள் விழ இடமில்லை. தம்பி நாக்குக் குழறப் பேசினான். கத்திவிடாமல் இருக்க அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வாக்கெடுப்பில் கைகள் காடாக உயர்ந்தன. முன்வரிசையில் தலைவரின் மனைவி கையும் உயர்ந்தது.

"நீயுமா?" என்றார் தலைவர்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் எங்க நின்னேன்னு நீங்க கேட்டதே இல்லையே!"

அரங்கமே அதிர்ந்து சிரித்தது. கடைசியில் தலைவரும்.

கட்டி முடிக்கும்வரை அணி பக்கத்து ஊர் மைதானத்தில் விருந்தாளியாக ஆடியது. திரும்பி வந்த நாளில், புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணி எதிரே நின்றது. ஆட்டம் முடியப்போகிறது, கோல் எதுவும் விழவில்லை. அக்கா கையை உயர்த்தினாள். புது மேடு ஒரே தொண்டையாக முழங்கியது. கூரை அந்தச் சத்தத்தை அப்படியே அள்ளி ஆடுகளத்தில் கொட்டியது. எதிரணிக் கோல்காப்பாளர் தன் ஆட்களைக் கத்திக் கத்திக் கூப்பிட்டார். ஒருவர் காதிலும் விழவில்லை. அந்த இடைவெளியில் நம் பையன் ஒருவன் புகுந்து பந்தைத் தலையால் முட்டினான். வலை குலுங்கியது.

விசில் ஊதியதும் வீரர்கள் நேராக மேட்டை நோக்கி ஓடிவந்தார்கள். யாரோ தம்பியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்க, முகமெல்லாம் கண்ணீராக, அவன் அடுத்த கோஷத்தை எடுத்துக்கொடுத்தான். தாளம் தப்பிய கோஷம். அக்காதான் முதலில் திருப்பிக் கத்தினாள்.