கடைவாய்ப் பல்லில் ஒத்திகை

கோஎன்ஜி ரயில் நிலையத்துக்குத் தெற்கே, கடைத்தெருவின் நிலவறையில் இருந்த 'நத்தை' இசையரங்கு மூடப்பட்ட மறுநாள், கிதார்காரர் செரிசாவாவின் வலது கடைவாய்ப் பல்லுக்குள் அது மீண்டும் திறந்தது. அவர் கொட்டாவி விட்டால் ஆம்ப்ளிஃபயர் உறுமியது. ஊறுகாய் கடித்தால் யாரோ டிரம்ஸைத் தட்டிப் பார்த்தார்கள். அண்டை வீட்டார் குப்பை போடும் கிழமை மாறியபோது காட்டிய அளவு எரிச்சலைக் காட்டிவிட்டு, பிறகு பழகிக்கொண்டார்கள். அவர் நூடுல்ஸ் உறிஞ்சும்போது மட்டும் எது உறிஞ்சும் சத்தம், எது இசை என்று யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

நத்தையை நடத்தியவள் மித்சுயோ. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒலிப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு தலைமுறை இசைக்காரர்களைத் திட்டியே ஆளாக்கியவள். நுரையீரல் கெட்டு அவள் இறந்ததால்தான் அரங்கையும் மூடினார்கள். பல்லுக்குள் அவள் சாகவில்லை. "டேய் செரிசாவா, கிதாரைக் குறைடா! பாடுறவன் வாய் மட்டும் அசையுது, இதென்ன ஊமைப்படமா?" என்பாள். செரிசாவா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுவார். பல்வலி என்று நினைத்தார்கள், அதுவும் உண்மைதான். நத்தையின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ் கிடையாது, உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பேட்டையின் நல்ல பாடகர்களில் பாதிப் பேர் அங்கே உருவானவர்கள். அந்தப் பாட்டுகளும் பல்லுக்குள் கேட்டன.

ஆனால் பல் பின்னோக்கி ஓடியது. மூடிய இரவில் தொடங்கி முந்தைய குளிர்காலம், அதற்கும் முந்தைய ஆண்டுகள் என்று போனது. மித்சுயோவின் இருமல் நின்றது, குரல் இளகியது. பல்லோ அழுகிக்கொண்டே வந்தது. அரங்கு திறந்த நாளைத் தொட்டதும் எல்லாம் அடங்கிவிடும், அவள் இரண்டாம் முறை போய்விடுவாள் என்ற பயத்தில் செரிசாவாவுக்குத் தூக்கம் போனது.

அருகில் இருந்த பல் மருத்துவமனை, அரங்கு காலியான பிறகு அதே நிலவறையில்தான் வந்திருந்தது. மேடை இருந்த இடத்தில் நாற்காலி போட்டிருந்தார் இளம் மருத்துவர் ககிதானி.

"பிடுங்கணும் சார். சீழ் தாடை எலும்புக்குப் போய்க்கிட்டிருக்கு."

"பிடுங்கினா மித்சுயோ அக்கா போயிடுவாங்க டாக்டர்."

"விட்டா நீங்க போயிடுவீங்க."

செரிசாவா அந்தக் கோடை முழுவதும் தவணை சொல்லிக் கழித்தார். முகம் முலாம்பழம் போல வீங்கிய ஒரு மாலையில், பல் நத்தையின் முதல் நாளுக்கு வந்து சேர்ந்தது. கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். காத்திருந்த நோயாளிகள் தொலைக்காட்சியை அணைத்தார்கள். உள்ளே, மீசை முளைக்காத செரிசாவாவும் கூட்டாளிகளும் சுருதி சேர்த்தார்கள். பிறகு மித்சுயோ, முப்பது வயதுக் குரலில், "போதும்டா, இதுக்கு மேல நீங்க தேறமாட்டீங்க. இறங்குங்க, கதவைத் திறக்கப் போறேன்" என்றாள்.

செரிசாவாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இசையரங்குகளில் ஒத்திகை தலைகீழாகத்தான் நடக்கும். கடைசியாக வாசிப்பவர் முதலில் ஒத்திகை பார்ப்பார். முதலில் வாசிப்பவர் கடைசியில் பார்த்து, கருவிகளை மேடையிலேயே விட்டுவிட்டு இறங்குவார். இதையே தொழிலாகக் கொண்டிருந்தும், பின்னோக்கி ஓடியதெல்லாம் ஒத்திகை என்பது அவர் மண்டையில் ஏறியிருக்கவில்லை. நிகழ்ச்சி இனிமேல்தான். அவர் கட்டைவிரலை உயர்த்தினார். ககிதானி பிடுங்கினார்.

எஃகுத் தட்டில் விழுந்த பல்லுக்குள் படிகளில் கூட்டம் இறங்கும் சத்தம் கேட்டது.

ஒலிப்பலகை இருந்த மூலையில், பஞ்சு டப்பாக்களுக்கு நடுவே, ககிதானி அந்தத் தட்டை வைத்திருக்கிறார். நிகழ்ச்சி முன்னோக்கிப் போகிறது. ஒருநாள் மித்சுயோ மறுபடி இருமத் தொடங்குவாள் என்று செரிசாவாவுக்குத் தெரியும். இருந்தாலும் மாலைதோறும் வருகிறார். எந்த நேரத்தில் வந்தாலும் "காலை வணக்கம்" சொல்வது இசைக்காரர்கள் வழக்கம். அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார். அவருக்குப் பின்னால் இறங்கி வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பல்வலி இல்லை. ககிதானிக்கு அதில் குறையொன்றும் இல்லை. வருகிறவர்கள் உள்ளே மாற்றிப் போட்டுக்கொள்ள வாசலில் வைக்கிற செருப்புதான் போதவில்லை.