ஒரு முழம் தள்ளி

மலையாட்டுக் கிடா எதிர்ச்சரிவில் வலப்பக்கம் தலையை வைத்து மேய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஆழமான பள்ளம். பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்த ஓரோஸ்பெக்கின் இடது முழங்கால் காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. ஐம்பத்திரண்டு வயதில் மலை ஏறுவது பெரிய காரியமில்லை, இறங்குவதுதான். பள்ளத்தில் இறங்கி, முகட்டைச் சுற்றி, மேலிருந்து கிடாவை நெருங்க மூன்று மணி நேரம் பிடிக்கும். முப்பது வருஷமாக அவன் அப்படித்தான் வேட்டையாடினான். நாரின் ஊர்ப் பக்கத்து மலைகளில் அவனைப் போல ஓசைப்படாமல் நெருங்குகிறவன் இல்லை என்று பேர்.

“சுத்திப் போயிரலாமா அத்தான்?” என்றான் தோல்கூன், மனைவியின் தம்பி.

கால் முடியவில்லை என்று அவனிடம் சொல்ல ஓரோஸ்பெக்குக்கு வாய் வரவில்லை. “எதுக்கு? இங்கருந்தே விழும்” என்றான்.

அவ்வளவு தூரத்துக்கு அவன் சுட்டதே இல்லை. தோட்டா போகப் போகத் தாழும் என்பது தெரியும். அதனால் குறியைச் சற்று உயர்த்தி, கிடாவின் தோளுக்குப் பின்னால் வைத்துச் சுட்டான். கிடா தலையை ஒரு உதறு உதறிவிட்டு முகட்டைத் தாண்டி ஓடியது.

“தப்பிருச்சு” என்றான் ஓரோஸ்பெக், துப்பாக்கியைத் துடைத்தபடி. தலை உதறியதை அவன் பார்த்திருந்தான். தோல்கூன் மட்டும் கிடா நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். “ஒண்ணுமில்ல அத்தான். வாங்க, பனி வருது.”

இருபது நாள் கழித்து, மேல்மலைப் பட்டியில் தனியாக ஆடு வளர்க்கும் பெர்மெத் குதிரையில் வந்து இறங்கினாள். அறுபது வயதுக்காரி, புருஷன் இல்லாதவள். தேநீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

“ஓடைப் பக்கத்துல ஒரு கிடா செத்துக் கிடந்துச்சு தம்பி. கீழ்த்தாடை தொங்குது. வெறும் எலும்பும் தோலும். வாய்க்குள்ள புல்லு அப்படியே இருக்கு, மெல்ல முடியாம. தண்ணிகிட்ட வந்து வந்து நின்ன தடம் கிடக்கு.” அவள் குரல் உடைந்தது. “உனக்குத் தெரியாம இந்த மலையில எவன் சுடுவான்? கண்டுபிடிச்சுச் சொல்லு. அவன் முகத்தை நான் பாக்கணும்.”

“டவுன்காரனுங்களா இருக்கும்க்கா” என்றான் ஓரோஸ்பெக். சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்கே விளங்கவில்லை. பெர்மெத் அதை நம்பினாள். நம்பியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பழைய இரும்படுப்பின் கதவு ஒன்றுக்கு வெள்ளை அடித்து எடுத்துக்கொண்டு தனியாகப் பள்ளத்துக்குப் போனான். கிடா நின்ற இடத்தில் அதைச் சாய்த்துவைத்தான். திரும்பி வரும்போது தப்படி எண்ணினான். வலித்த காலை இழுத்து இழுத்து, ஐந்நூற்றுப் பத்து. அதே பாறையில் படுத்து, அதே மாதிரி குறி வைத்துச் சுட்டான். கதவுக்கு வலப்புறம் ஒரு முழம் தள்ளி மண் பறந்தது. இரண்டாம் தரமும் அதே இடம். மூன்றாம் தரமும்.

காற்று. பள்ளத்தின் வழியாக இடமிருந்து வலமாக அடித்துக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்கக் காற்றைப் பார்த்துத்தான் வேட்டைக்குப் போனவன் அவன். தன் வாடையை அது எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று மட்டுமே பார்த்தவன். தோட்டாவையும் அது தள்ளும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பக்கத்தில் போய்ச் சுடுகிறவனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் போனான். ஒரு நோட்டில் தூரம், காற்று, குளிர், தோட்டா விழுந்த இடம் எல்லாவற்றையும் எழுதினான். எதிர்ச்சரிவில் புல் எப்படிச் சாய்கிறது, பனித்தூள் எந்தப் பக்கம் பறக்கிறது என்று சுடுவதற்கு முன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே கிடந்தான். “கல்லைச் சுட்டுக் கொண்டாந்தா சூப்பு வைக்க முடியுமா?” என்று கேட்டாள் மனைவி கூலைம். “இங்க ஆடெல்லாம் தீந்துபோச்சா அத்தான்? அடுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் சீனாவுல மேயறதைச் சுடப்போறீங்களா?” என்று சிரித்தான் தோல்கூன்.

முதலில் அது தண்டனை மாதிரித்தான் இருந்தது. பிப்ரவரியில் ஒருநாள், முதல் நாள் அடித்த அதே காற்றில், குறியை ஒரு முழம் இடப்புறம் தள்ளிவைத்துச் சுட்டான். சற்றுப் பொறுத்து இரும்பின் ‘டங்’ வந்து சேர்ந்தது. தன்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்தான். தோட்டாவை மீண்டும் நிரப்பும்போது விரல்கள் ஆசையில் பரபரத்தன. அப்போதுதான் உறைத்தது. அந்தக் கிடா பட்டினியில் செத்ததற்குப் பரிகாரம் தேட வந்தவன், அதனாலேயே ஒரு சந்தோஷத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அன்று அதற்குமேல் சுடவில்லை. ஆனால் மறுநாள் விடிந்ததும் போனான்.

பனி உருகும் சமயத்தில் தோல்கூனையும் அழைத்துப் போனான். ஐந்து தோட்டாவில் ஐந்தும் கதவில் பட்டன.

“அன்னைக்குத் தப்பல தோல்கூன்” என்றான் ஓரோஸ்பெக், துப்பாக்கியிலிருந்து முகத்தை எடுக்காமல். “தாடையில பட்டுச்சு. பெர்மெத் அக்கா பாத்தது அதுதான்.”

தோல்கூன் புல்லைப் பிய்த்தான்.

“ரத்தத்தைப் பாத்தேன் அத்தான். கைப்பிடி அளவு, பனியில. பல்லுகூட ஒண்ணு கிடந்துச்சு.”

“ஏன்டா சொல்லல?”

“நீங்க ‘தப்பிருச்சு’ன்னு சொல்லிட்டீங்க. நான் எப்படிச் சொல்றது? காலையிலருந்து நீங்க நொண்டுறதையும்தான் பாத்தேன்.”

ஓரோஸ்பெக்குக்குக் காது மடல்வரை சுட்டது. ஊருக்கு மறைத்ததாக நினைத்ததெல்லாம், பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அன்றே தடம் பிடித்துப் போயிருந்தால் சாயங்காலத்துக்குள் கிடாவின் வேதனையை முடித்திருக்கலாம். தன் மானத்தைத் தானும் தோல்கூனும் சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்த இருபது நாளும் அது ஓடைக்கு வந்து வந்து நின்றிருக்கிறது.

“நானும் வரட்டுமா?” என்றான் தோல்கூன். எங்கே என்று இருவருமே சொல்லவில்லை.

“வேண்டாம்.”

மேல்மலைப் பட்டிக்கு அவன் குதிரையில் போனபோது வெயில் ஏறியிருந்தது. மேட்டைத் தாண்டியதும் பெர்மெத் தெரிந்தாள். குட்டி போட்ட ஆட்டின் பக்கத்தில் குனிந்திருந்தாள். அவளைக் கண்ட மாத்திரத்தில், அவன் கேட்காமலே, கண் அதுபாட்டுக்கு அளந்தது: அறுநூற்று இருபது தப்படி, இடப்பக்கக் காற்று, ஒன்றேகால் முழம்.

அவனுக்கு உடம்பே கூசிப்போயிற்று. குதிரையிலிருந்து இறங்கி, கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டியபடி நடந்தான்.

நாய் குரைத்தது. பெர்மெத் நிமிர்ந்தாள். ஈரம் காயாத குட்டியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, வெயிலுக்குக் கையைக் கண்மேல் வைத்து, வருவது யாரென்று பார்த்தாள்.