பத்தாவது ஊசி

ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் அக்கா, தடுப்பூசிக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டாள். தொற்று வார்டின் படுக்கை விரிப்புகளை அலசுவது அவள்தான். வீட்டில் கணவனுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவளிடமிருந்து அவனுக்கு ஒட்டிக்கொண்டால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆனால் ஜனங்களுக்கு ஊசி என்றால் பயமாம். அதைப் போக்க மக்கள் பங்கேற்புக் குழு என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். அதில் மக்களைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். வந்தது ஒரே குப்பி, பத்துப் பேருக்கு. தலைவர் முன்னுதாரணமாக முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். அவர் மனைவி, செயலாளர், செயலாளரின் மாமியார் என்று முன்னுதாரணம் ஒன்பது வரை நீண்டது. பயமே இல்லாத அக்கா வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தாவது என் மச்சானுக்கு. வந்துக்கிட்டே இருக்கான்," என்றார் தலைவர்.

"குப்பியைத் திறந்தா நாலு மணி நேரம்தான் சார். இன்னும் பத்து நிமிஷத்துல கொட்டிடணும்," என்றாள் நர்ஸ்.

"அதுக்குள்ள வந்துடுவான். அதுவரைக்கும் ஏழை ஒருத்தர் ஊசி போட்டுக்கிற மாதிரி போட்டோ எடுப்போம். 'எல்லோரும் சமம்'னு பேனர் வைக்கணும்." அவர் கண் அக்கா மேல் விழுந்தது. "நீ வாம்மா. நர்ஸம்மா, ஊசியில மருந்து தெரியணும், இல்லைன்னா எவனும் நம்ப மாட்டான். மூடியைக் கழட்டாம கையில வச்சா போதும்."

எழுந்து போய்விடலாமா என்று அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. நர்ஸ் கண்ணைக் காட்டினாள். போய் உட்கார்ந்தாள்.

"கையைத் தளர்த்தி விடுங்கக்கா," என்று நர்ஸ் காதோரம் சொன்னாள்.

சுருக்கென்றது. அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"அடடா, என்ன நடிப்பு!" போட்டோக்காரர் எடுத்துத் தள்ளினார். தலைவரும் ஓடிவந்து பக்கத்தில் நின்று சிரித்தார். படம் அப்போதே வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் பறந்தது.

மச்சான் வேர்த்து விறுவிறுக்க வந்து சட்டைக் கையை மடித்தார். நர்ஸ் காலி ஊசியைக் காட்டினாள். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

"போட்டோவுக்குத்தானே சொன்னேன்!"

"படத்துல மூடி இல்லாததுகூட தெளிவா தெரியுது சார். போட்டோ பொய்னு ஊருக்குச் சொல்லிடவா?"

தலைவர் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போங்கக்கா," என்றாள் நர்ஸ்.

அக்கா பஞ்சை அழுத்தியபடி அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இந்த முறை ஊசி கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தது மச்சான்தான்.